கீழ்மாடியில கலியாண எழுத்து

பென்சில் மட்டும்தான். பேனை, பை, குளிர்ச்சட்டை, தண்ணிப் போத்தில், தொலைபேசி எல்லாத்தையும் வெளியில இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் இந்த வாசிப்பு அறைக்குள்ள வரவேணும். நல்லதாப் போச்சு. தொலைபேசி கையில இல்லையெண்டால் ஆரும் கூப்பிடேலாது, நானும் எடுத்து எடுத்துப் பார்க்கேலாது. இண்டைக்கு வியாழன். வியாழன் என்ர நாள். வேலையால ஓய்வெடுத்த நாளில இருந்து ஒவ்வொரு வியாழனும் காலமை நான் இந்த நகரசபைக் கட்டடத்தின்ர மேல்மாடியில, இதே யன்னலோரக் கதிரையில, நூறு வருஷத்துக்கு முந்தின ஜேர்மன் கலியாணப் பதிவுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு இருக்கிற ஆள். அப்ப இண்டைக்கு மட்டும் வராமல் விட என்ன காரணம்? ஒரு காரணமும் இல்லை. கீழ்மாடியில, என்ர காலுக்கு நேர கீழ, பதினொண்டரைக்கு, பதிவாளருக்கு முன்னால, என்ர மகள் ஆரணிக்குக் கலியாண எழுத்து. அது அவையின்ர சோலி. நான் என்ர சோலியைப் பார்க்கிறன். விடிய மனுசி தவமலர் எழும்பி நீலப் பட்டுச்சீலை உடுத்தா, என்ர கறுப்புக் கோட்டை அயன் பண்ணிக் கதவுப் பிடியில கொழுவினா, ஒரு சொல்லும் சொல்லேல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கத்தாத மனுசியோட என்ன செய்யிறது? நான் பழைய சாம்பல் நிறச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, கோட்டைத் தொடாமல், அவவுக்கு முதலே வெளிக்கிட்டு வந்திட்டன். பெட்டியைப் பூட்டேக்க தொலைபேசியில ஆரணியின்ர செய்தி ஒண்டு கிடந்தது. ஒரே ஒரு வரி. வாசிச்சன், வாசிச்சிட்டு அதையும் உள்ள வைச்சுப் பூட்டியாச்சு. சுவரில இருக்கிற மணிக்கூடு முன்னுக்கு நிண்டு முழிக்குது எண்டு கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டு இருந்தன். இப்ப முதுகில முழிக்குது.

இந்த அறையைப் பார்க்கிற அம்மா, பிரவு ஹார்ட்விக், மெள்ள நடந்து வந்து, "ஹேர் கதிர், நீங்கள் மாசி மாதம் கேட்ட 1945ஆம் ஆண்டுப் புத்தகம் வந்திட்டுது, எடுத்து வரவோ?" எண்டு கேட்டா. கதிர்காமநாதன் எண்டு முழுசாச் சொல்ல அவவுக்கு நாக்குப் புரளாது, கதிரோட நிப்பாட்டிவிடுவா. கலியாணப் புத்தகம் எண்பது வருஷத்துக்குக் கீழ்மாடிப் பதிவு அலுவலகத்தில பூட்டிக் கிடக்கும், அதுக்குப் பிறகுதான் மேல இந்த அறைக்கு ஏறி வரும், ஆரும் திறந்து பார்க்கலாம். 1945 இந்தத் தை மாதம்தான் மேல ஏறினது. ஓம், கொண்டு வாங்கோ எண்டன். மாசியில கேட்டது எனக்கு மறந்தே போச்சு. மாசி மாதம் நான் வேற ஆள். மாசி மாதம் எனக்கு உள்ளுக்கு ஒரே சந்தோசப் புழுகம், விசாரணை எண்டால் உது விசாரணை எண்டு. எங்கட ஆக்கள் பெட்டையைக் குடுக்க முதல் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் விடமாட்டினம். ஊரில எண்டால் லேசு, சந்தியில நிண்டு ரெண்டு பேரோட கதைச்சால் பூட்டன் காலம் வரைக்கும் வந்திடும், ஆர் குடிகாரன், ஆர் வழக்கெண்டு கோடு கச்சேரி ஏறினவன், ஆருக்கு விசர் பிடிச்சது எண்டு. இஞ்ச ஆரைக் கேக்கிறது? பேக்கரிக்காரியைக் கேட்டால் மூண்டு பாணோ நாலு பாணோ எண்டுவாள். ஆரணியைக் கேட்டால், "ஹென்ரிக் நல்ல பெடியன் அப்பா, நல்ல குடும்பம்" எண்டாள். நல்ல குடும்பம் எண்டு எல்லாரும்தான் சொல்லுவினம். என்ர ராசமணி அக்காவின்ர மனிசனையும் அப்பிடித்தான் சொன்னவை. சாதகம் பொருந்தி, ஊரெல்லாம் விசாரிச்சு, நல்ல குடும்பம் எண்டு கட்டி வைச்சு, கனடாவுக்குப் போனவன் போனவன்தான், அங்க இன்னொருத்தியோட இருக்கிறான். அக்கா இண்டைக்கும் பொட்டு வைச்சுக்கொண்டு ஊரில, உடுவிலில, இருக்கிறா. விசாரிச்சும் உந்த வடிவு எண்டால் விசாரிக்காட்டி என்னவாகும்? அதுதான் எனக்குப் பயம். ஆரணி எனக்கு ஒரே பிள்ளை.

அப்பத்தான் ஹென்ரிக்கின்ர தாய் உல்ரிகே தானா வந்து மாட்டினா. நான் பழைய பதிவு வாசிக்கிற ஆள் எண்டு மகன் சொல்லியிருக்கிறான். "என்ர அப்பப்பா அப்பம்மாவைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது, அப்பா கடைசிவரைக்கும் வாயே திறக்கேல்லை, ஒருக்காத் தேடித் தருவீங்களோ?" எண்டு கேட்டா. பாவம், கேட்டதோட விடேல்லை, கீழ்மாடியில காட்டுறதுக்கு அதிகாரக் கடிதமும் எழுதித் தந்து, பிளம்ஸ் கேக்கும் செய்து கொண்டு வந்தா. நான் அந்தக் கேக்கைத் திண்டுகொண்டே அந்த மனுசியின்ர குடும்பத்தை விசாரிச்சன். பெரிய துப்பறியிற ஆள் மாதிரி ஒரு எடுப்பு வேற. ஒவ்வொரு கலியாணப் பதிவிலயும் மாப்பிள்ளை பொம்பிளையின்ர தாய் தகப்பன் பேர், தொழில், எங்க இருக்கினம், உயிரோடயோ இல்லையோ எல்லாம் இருக்கும், அதைப் பிடிச்சு அடுத்த தலைமுறைக்கு ஏறலாம். அப்பிடித்தான் 1919ஐப் பிடிச்சன், உல்ரிகேயின்ர அப்பப்பா அப்பம்மாவின்ர பதிவு. அச்சடிச்ச படிவம், இடையில பழைய காலத்து ஜேர்மன் கையெழுத்து, வேலிக்குக் கதியால் நட்ட மாதிரி எல்லாம் நேர் நேர் கோடு. அதை வாசிக்க நான் மாலை வகுப்புக்குப் போய்ப் படிச்சனான். கலியாணம் செய்யும் நோக்கத்தோடு இன்று என் முன் வந்தவர்கள்: முதலாவது, பூட்டுத் தொழிலாளி வில்ஹெல்ம் பிரிங்க்மன், ஆள் தெரிந்தவர், புரட்டஸ்தாந்து சமயம், இன்னாரின் மகன். இரண்டாவது, தையற்காரி றோசா, ஆள் தெரிந்தவர், யூத சமயம், இன்னாரின் மகள். ஆள் தெரிந்தவர். இந்த ரெண்டு சொல்லில எனக்கு எப்பவும் ஒரு பொறாமை. பதிவாளர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்திட்டு, இவர் ஆரெண்டு எனக்குத் தெரியும் எண்டு எழுதுறார், கடதாசி கேக்கேல்லை. தெரியாத ஆளெண்டால் இன்ன பத்திரத்தைக் காட்டினார் எண்டு வரும். எங்களை இந்த நாட்டில ஆர் நிமிர்ந்து பார்த்தது, எல்லாரும் கடதாசியைத்தான் பார்த்தவை. சரி, அதை விடு. பதிவின்ர ஓரத்தில, நிறம் வேறயான மையில, பிறகு எழுதின ஒரு குறிப்பு இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பின்படி இக்கலியாணம் கலைக்கப்பட்டது, டிசம்பர் 1938. ஆகா, எண்டு மனசுக்குள்ள கையைத் தட்டினன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கையைத் தட்டினன்.

வீட்டை போய்ச் சாப்பாட்டு மேசையில வைச்சு ஆரணிக்குச் சொன்னன். "உவன்ர பூட்டன் மனுசியை விட்டிட்டுப் போனவன். வேற வேற சமயத்தில கட்டி, பிள்ளையும் பெத்து, பேந்து கோடேறி விட்டவன். எழுத்தில இருக்குது, நான் கண்ணால பார்த்தனான்." அவள் கரண்டியைக் கீழ வைச்சாள். "எத்தினையாம் ஆண்டு அப்பா?" முப்பத்தெட்டு எண்டன். "முப்பத்தெட்டு எண்டு சொல்லிப்போட்டு உங்களுக்கு வேறொண்டும் தோன்றேல்லையோ?" ஆண்டு எதுக்கு, விட்டவன் விட்டவன்தான் எண்டன். அவள் என்னை முன்னப்பின்ன கண்டிராத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "நீங்கள் ஓடி வந்த ஆள் அப்பா" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டாள். படிக்கட்டில அவளின்ர சப்பாத்துச் சத்தம் போனதுக்குப் பிறகு தவமலர்தான் கேட்டா, "அந்த வருஷம் இந்த நாட்டில யூத ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லித்தரவேணுமோ?" எண்டு. கடவுளே. எனக்குத் தெரியாததோ? யூத ஆக்களின்ர கடைக் கண்ணாடியளை உடைச்ச மாதத்துக்கு அடுத்த மாதம். நாப்பது வருஷம் இந்த நாட்டில இருக்கிறன், எங்கட ஊரில கடையளை எரிச்சதைக் கண்ணால கண்டவன். ஆனால் நான் சமயத்தைப் பார்த்தன், கலைக்கப்பட்டது எண்ட சொல்லைப் பார்த்தன், ஆண்டைப் பார்க்கேல்லை. தேடிப் போனது கிடைச்ச சந்தோசத்தில ஆண்டு கண்ணில படேல்லை. அதோட நிப்பாட்டி, பிழை விட்டிட்டன் பிள்ளை எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சுது. சொன்னனோ? இல்லை. அடுத்த நாள் அதுக்கும் ஒரு கதை பிடிச்சன். அப்பிடிப் பார்த்தால் இன்னும் மோசமெல்லோ, ஆபத்தில நிக்கிற மனுசியைக் கைவிட்டவன் எவ்வளவு கெட்டவன், அந்த வழியில வந்தவனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது? ஒரு கிழமையால ஆரணி தாய்க்குத்தான் சொன்னாள்: எழுத்து வியாழக்கிழமை. அப்பா வந்தால் சாட்சிக் கையெழுத்து அவருக்கு. வராட்டி வேற ஆரையும் பிடிக்கமாட்டன், இப்ப சட்டத்தில சாட்சி தேவையில்லை, சாட்சி இல்லாமலே செய்வன். சாட்சி இல்லாமல் ஒரு கலியாணம். வியாழக்கிழமையாம், பார், கிழமையில வேற நாளே இல்லாத மாதிரி என்ர நாளிலதான் கொண்டு வந்து வைச்சிருக்கிறாள்.

1945 மேசைக்கு வந்திட்டுது. பிரவு ஹார்ட்விக் பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரிப் பஞ்சுத் தலகணியில அதை வைச்சிட்டுப் போனா. மெல்லிசுப் புத்தகம். அந்த வருஷம் ஆர் கலியாணம் செய்தது, ஊரே இடிஞ்சு கிடந்தது. கடதாசியும் மட்டம், பழுப்பு, மை மற்றப் பக்கத்துக்கு ஊறியிருக்குது. எனக்கு இதில ஒரு அலுவலும் இல்லை, பிரிங்க்மன் எண்ட பேர் வாற ஆண்டெல்லாத்தையும் கேட்டு வைச்சன், அவ்வளவுதான். உறவுக்காரன் ஆராவது இருப்பான். கடைசியில இருக்கிற பேர் அட்டவணையைப் பார்த்தன், பி எழுத்து, பிரிங்க்மன், ஓம் இருக்குது. பக்கத்தைத் திருப்பினன். ஒக்டோபர் மாதம். பூட்டுத் தொழிலாளி வில்ஹெல்ம் பிரிங்க்மன். சரி, ரெண்டாந்தரம் ஒருத்தியைக் கட்டியிருக்கிறான், நான் சொன்னனானெல்லோ. கண் கீழ போகுது. தையற்காரி றோசா. பிறந்த திகதியைப் பார்த்தன். எழும்பிப் போய் 1919இன்ர பிரதியை இந்த அறை அலுமாரியில இருக்கிற என்ர கோப்புக்க இருந்து எடுத்துப் பக்கத்தில வைச்சு, பென்சில் நுனியை ஒவ்வொரு சொல்லாய் வைச்சுப் பார்த்தன். அதே தகப்பன், அதே தாய், அதே ஊர், அதே திகதி. அதே றோசா. விட்டவன் திரும்பக் கட்டியிருக்கிறான். இல்லை, அப்பிடிச் சொல்லக்கூடாது, விடப்பட்டவள் திரும்பி வந்து அவனைக் கட்டியிருக்கிறாள், உயிரோட வந்து. எங்க இருந்தாள் இவ்வளவு காலமும்? ஆர் ஒளிச்சு வைச்சது? பயத்தில கையெழுத்துப் போட்டானோ, அவளைக் காப்பாத்தவெண்டு போட்டானோ, ரெண்டு பேரும் குசினிக்குள்ள இருந்து குசுகுசுத்துப் பேசித்தான் கோடேறினவையோ, ஒண்டும் எழுதேல்லை. உந்தப் புத்தகங்கள் என்ன நடந்தது எண்டு சொல்லும், ஏன் எண்டு சொல்லாது. எனக்கு மட்டும் ஏன் எண்டது கையில கிடைச்ச மாதிரி ஒரு கதை. அடையாளம் எண்ட இடத்தில பதிவாளர் எழுதியிருக்கிறார், பத்திரங்கள் எரிந்துபோயின, இருவரும் ஆள் தெரிந்தவர்கள். அதுக்குக் கீழ சாட்சி. சாட்சியின்ர பேரும் பிரிங்க்மன். வயசு இருவத்தொண்டு. மகன். உல்ரிகேயின்ர தகப்பன், கடைசிவரைக்கும் வாய் திறக்காத அந்த மனிசன், தாய் தகப்பனின்ர கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சிருக்கிறார். மை ஒரு இடத்தில குமிழ் விட்டிருக்குது.

ஒரே ஆளை ரெண்டுதரம் கட்டுறதுக்கு ஆருக்கு விசர் எண்டு நினைச்சு முடிய முதல், எனக்குத்தான் எண்டு ஞாபகம் வருது. நானும் தவமலரும் தாலி கட்டினது தொண்ணூறில, ஒரு வாடகை அறையில, டோர்ட்முண்டில இருந்து ஐயரைப் பிடிச்சுக்கொண்டு வந்து, யன்னலெல்லாம் திறந்து வைச்சு ஓமம் வளர்த்து. புகையைக் கண்டிட்டுக் கீழ்வீட்டுக்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போறன் எண்டு கத்தினாள். தாலியை இந்த நாட்டில கணக்கில எடுக்காயினம். பிறப்புப் பத்திரம் கொண்டு வா, கலியாணமாகாத ஆள் எண்டதுக்குப் பத்திரம் கொண்டு வா எண்டவை. ஊரில பதிவெல்லாம் இருக்கிற கச்சேரிக்குக் குண்டு விழுந்து கிடக்குது, ஆர் எழுதித் தாறது? பத்திரம் வந்து சேர நாலு வருஷம். அதுக்கிடையில ஆரணி பிறந்திட்டாள். தொண்ணூற்று நாலில கீழ்மாடிக்கு நாங்கள் எழுத்துக்குப் போகேக்க அவள் என்ர இடுப்பில. அப்ப சாட்சி ரெண்டு பேர் கட்டாயம், எங்களுக்கு ஆர் இருக்கினம்? மொழிபெயர்க்க வந்த மனிசன் ஒண்டு, கட்டடத்தைப் பார்க்கிறவன் மற்றது, கூட்டுமாறைச் சுவரில சாத்தி வைச்சிட்டுக் காற்சட்டையில கையைத் துடைச்சுப்போட்டு வந்து கையெழுத்து வைச்சான். நல்ல மனிசன், பேர்கூடத் தெரியாது. அடையாளம் எண்ட இடத்தில எங்களுக்கு அகதிக் கடவுச்சீட்டு இலக்கம். ரெண்டு பேரும் கலியாணமாகாதவர்கள் எண்டு எழுத்து. சின்னனில ஆரணி பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் புழுகுவாள், நான் என்ர அம்மா அப்பாவின்ர கலியாணத்துக்குப் போனனான், நீங்கள் போனீங்களோ எண்டு. அந்தப் புத்தகமும் எண்பது வருஷத்தால மேல ஏறி வரும். இதே மேசையில ஒருத்தன் பென்சிலோட இருந்து, ஆகா, பிள்ளை பிறந்தது தொண்ணூற்று ரெண்டு, கலியாணம் தொண்ணூற்று நாலு, உப்பிடியான ஆக்களோ எண்டு கையைத் தட்டுவான். ஓமமும் இல்லை, ஐயரும் இல்லை, கீழ்வீட்டுக்காரி கத்தினதும் இல்லை. தவமலரைப் பற்றி, என்ர மனுசியைப் பற்றி, ஒருத்தன் அப்பிடி நினைப்பான். அவனைப் பிடிச்சு ரெண்டு அறை விடவேணும் போல கிடக்குது. அவன் இன்னும் பிறக்கேல்லை. பிறந்தவன் இஞ்ச இருக்கிறன்.

கீழ பாட்டுப் போட்டாச்சு. ஒவ்வொரு எழுத்துக்கும் உந்தப் பியானோப் பாட்டுத்தான், நிலத்தால ஏறி வந்து என்ர கதிரைக் காலில நிக்கும், வியாழக்கிழமைகளில எனக்குப் பாடமே ஆயிட்டுது. இப்ப கதவைச் சாத்துவினம். பேந்து பதிவாளர் வரவேற்று நாலு சொல்லுச் சொல்லுவா. கதிரையள் அரையிற சத்தம். அங்க தவமலர் தனிய. உல்ரிகே பக்கத்தில இருப்பா. ஒருக்கால் கீழ்மாடியில புதுப் படிவத்தைப் பார்த்தனான், உல்ரிகேயின்ர கடிதத்தோட போனபோது. இந்தக் காலத்துப் பதிவில தாய் தகப்பன் பேரே இல்லை. மாப்பிள்ளை, பொம்பிளை, பிறந்த இடம், திகதி, முடிஞ்சுது. அண்டைக்கு, நல்லதாப் போச்சு, விசாரிக்க வாற சனம் மினக்கெடட்டும் எண்டு சிரிச்சனான். 1919இல றோசாவின்ர தகப்பன் வந்தாரோ வரேல்லையோ, அவரின்ர பேர் அந்தத் தாளில நிக்குது, சண்டை பிடிச்சாலும் நிக்கும். நான் இஞ்ச மேல இருந்தால் ஆரணியின்ர தாளில நான் இல்லை. எனக்குப் பேர் விழ ஒரே ஒரு இடம்தான் இருக்குது, அது சாட்சி. அவளுக்கு அது தெரியும். அதுதான் கேட்டவள். வியாழனை வைச்சதும் அதுக்குத்தான், நான் எங்க இருப்பன் எண்டு பார்த்துத்தான் வைச்சிருக்கிறாள், நான் ஒரு மண்டு. தொலைபேசியில வந்த ஒரு வரி இப்ப தானா வாய்க்குள்ள வருது: நான் உங்கட கலியாணத்துக்கு வந்தனான். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வந்தவளாம்! தூக்கிக்கொண்டு போனது ஆர்? நான்தானே தூக்கிக்கொண்டு போனது. எழும்பியிட்டன். பிரவு ஹார்ட்விக் என்னவோ கேக்கிறா, புத்தகத்தை மூட வேண்டாம், வாறன், திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் படியில இறங்கிறன், இடுப்பு நாரி பிடிக்குது, கைப்பிடியில பிடிச்சுப் பிடிச்சு, கெதியா, கெதியா, பாட்டு நிண்டிட்டுது.

கதவைத் திறந்தன். எல்லாத் தலையும் திரும்பிச்சுது. முன்வரிசையில தவமலருக்குப் பக்கத்தில ஒரு கதிரை, அதில ஆரும் இல்லை, என்ர கறுப்புக் கோட் இருந்தது. கொண்டு வந்திருக்கிறா, கள்ளி, ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டு வந்து கதிரை பிடிச்சு வைச்சிருக்கிறா. பதிவாளர் ஒரு இளம் பிள்ளை. "நீங்கள்?" எண்டு கேக்க, நான் வாயைத் திறக்க முதல் ஆரணி சொன்னாள், "சாட்சி." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "அடையாள அட்டை வேணுமே" எண்டா பதிவாளர். அட்டை மேல பெட்டிக்குள்ள, என்ர கையில பென்சில் மட்டும். பென்சிலை நீட்டினன் போல, என்ன செய்தனோ தெரியேல்லை. அந்தப் பிள்ளை என்ர முகத்தை நிமிர்ந்து பார்த்தா. "ஒவ்வொரு வியாழனும் காணுறனான், உங்களை எனக்குத் தெரியும். அட்டையைப் பேந்து கொண்டு வந்து காட்டுங்கோ" எண்டா. கதிரையில இருந்த கோட்டை எடுத்துச் சுவெற்றருக்கு மேல போட்டன். உல்ரிகே தள்ளி இருந்து இடம் விட்டா. "உங்கட அப்பப்பா அப்பம்மாவைக் கண்டுபிடிச்சிட்டன், நல்ல சேதி, ஆறுதலாச் சொல்லுறன்" எண்டன், அந்த மனுசிக்கு ஒண்டும் விளங்கேல்லை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா. ரெண்டு பேரும் ஓம் எண்டிச்சினம். கையெழுத்து வைச்சினம். பேந்து தாள் என்னட்டை வந்தது. ஆரணி தன்ர பேனையைத் தந்தாள். "பென்சில் அழிஞ்சுபோகும் அப்பா" எண்டாள், கண்ணெல்லாம் தண்ணி. நாப்பது வருஷமா இந்த நாட்டில எல்லாக் கடதாசியிலயும் இங்கிலீசு எழுத்தில ஒரு கிறுக்கல் கிறுக்கித்தான் எனக்குப் பழக்கம். இண்டைக்குக் குனிஞ்சு ஆறுதலா, ஒவ்வொரு எழுத்தா, கதிர்காமநாதன் எண்டு முழுசாத் தமிழில எழுதினன். ஆரணி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது, உந்த எழுத்தை இஞ்ச ஆர் வாசிக்கிறது?"

"எண்பது வருஷத்தால மேல ஒருத்தன் விசாரிக்க வருவான், பிள்ளை" எண்டன். "இருந்து தலையைச் சொறியட்டும்."